ஊக்கு

டேமர் ஆறு வற்றிக் கிடந்தது.
லான்செஸ்டனில் காலை ஆறு பத்து.
படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்து
முழங்கை வரை கையை விட்டு
ஒரு ஜாம் பாட்டில் சேறு எடுத்தோம்,
நானும் டார்சியும்.
அழுகிய முட்டை வாடை.
நல்ல சகுனம் என்றான் அவன்.
காற்று குறைந்த இடத்தில்தான்
அவை குடியிருக்குமாம்.

பாட்டிலின் பக்கவாட்டில் காந்தம் ஒன்றை ஒட்டிவைத்து
தேநீர் குடித்துவிட்டு வந்தால்
கண்ணாடிக்கு உட்புறம்
சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.
பொட்டு முழுக்க உயிர்.
ஒவ்வொரு உடம்புக்குள்ளும்
பதினெட்டோ இருபதோ காந்தக்கல் மணிகள்,
வரிசை பிசகாமல்.
தானே கோத்துக்கொண்ட சரம்.
யாரும் போட்டுவிட்டதில்லை.

இங்கே அவை தெற்கே போகும்.
தெற்கே என்றால் கீழே, சேற்றுக்குள்.
காந்தக்கோடு இந்த ஊரில் அவ்வளவு சாய்வு.
வடக்கே தலைவைத்துப் படுக்காதே,
காந்தம் இழுக்கும் என்று சொல்லி வளர்த்தார்கள்.
இந்தப் பாதிக் கோளத்தில்
கட்டிலை எப்படிப் போடுவதென்று
இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு செம்புச் சுருள், நடுவில் சொட்டு.
சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் திசை மாறும்.
நீந்திக்கொண்டிருந்தது
மூலை மழுங்கிய ‘ப’ போல வளைந்து
வந்த வழியே போகும்.
வளைவின் அகலம், பிடித்த நேரம்,
இரண்டும் தெரிந்தால்
உள்ளே எவ்வளவு காந்தம் என்று சொல்லிவிடலாம்.
புள்ளி வைத்துப் பதினான்கு சுழியம் போட்டபிறகு
எண் தொடங்கும்.

கொன்றும் பார்த்தோம். ஃபார்மலின் ஒரு துளி.
செத்தவையும் திரும்பின.
சுவிட்சைத் தட்டத் தட்ட
சலிக்காமல், கிடந்த இடத்திலேயே.
‘ப’ மட்டும் எழுதவில்லை.
அன்று சாப்பாட்டுப் பெட்டியை
மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சிக்கல் அதுவல்ல.
பகலில் டார்சி எடுத்த எண்களுக்கும்
இரவில் நான் எடுத்தவற்றுக்கும்
ஏழு சதவீதம் வித்தியாசம். மூன்று வாரமாக.
இரவுக் குளிர் என்றான். ஹீட்டர் வைத்தோம்.
லிஃப்டைச் சந்தேகித்தோம்.
தரை துடைக்கும் மெஷினைச் சந்தேகித்தோம்.
அதை ஓட்டும் நோலீன், பாவம்,
எங்களுக்காக எங்கள் மாடியைக்
கடைசிக்குத் தள்ளிவைத்தாள்.
கைக்கடிகாரத்தைக் கழற்றினேன்.
ஹேர்பின் ஆறு, சாவிக்கொத்து, பெல்ட்.
எண்கள் அசையவில்லை.

நேற்று இரவு
கண்வில்லையின் மேல் குனிந்தபோது
கழுத்திலிருந்து சரிந்து
சுருளின் விளிம்பில் கிணுக்கென்று இடித்தது
தாலிக்கொடி.

தங்கத்துக்குக் காந்தம் தெரியாது.
அதில் மாட்டியிருந்த மூன்று ஊக்குகளுக்குத் தெரியும்.
புடவை நழுவினால் உதவுமென்று
எந்தக் கல்யாண மண்டபத்தில் மாட்டினேனோ.
இங்கு வந்து நான்கு வருடம்,
புடவை கட்டியதே இரண்டு முறை.

‘பிழையின் மூலம்’ என்ற கட்டத்தில்
நகை என்று எழுதி அடித்தேன்.
ஆய்வாளர் என்று எழுதி அடித்தேன்.
கடைசியில்:
ஊக்கு மூன்று, ஒன்று துருப்பிடித்தது.
இருபத்தோரு இரவின் எண்களுக்கும்
சிவப்பில் குறுக்குக்கோடு.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
என்னையும் சேர்த்து அளந்தவை.

விடிவதற்குச் சற்று முன்
சுருள்களை அணைத்துவிட்டு
துருப்பிடித்ததைத் திறந்து
சொட்டின் ஓரமாகக் கொண்டுபோனேன்.
இதற்குக் கணக்கு கிடையாது, குறிப்பேடு கிடையாது.
போய்க்கொண்டிருந்த தெற்கை விட்டுவிட்டு
ஒன்று திரும்பியது.
பிறகு மொத்தமும்,
சின்னச் சின்னப் ‘ப’க்களாக.

கதவில் நோலீன்.
இப்போதாவது மெஷினை ஓட்டலாமா என்றாள்.
ஓட்டு என்றேன்.